கண்டம் நீரில் இல்லை

வன்னிக் கிராமமொன்றில் மரண வீடொன்றிற்குச் சென்றிருந்தோம். இறந்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். நாம் கற்பித்த மாணாக்கன். மாரி மழைக்குக் குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிய மூன்றாம் நாள், தோழர் நால்வருடன் வான் பார்க்கச் சென்றவன், பாசி படிந்த கட்டிலே கால் வழுக்கி வீழ்ந்தான். கூடச் சென்றவர்களுள் எவருக்கும் நீந்தத் தெரியாது. அவர்கள் ஓடிச்சென்று ஆட்களை அழைத்துவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பந்தலின் கீழ் அமர்ந்திருந்த பெரியவர்கள் தம்முட் பேசிக்கொண்டவை எமது காதில் வீழ்ந்தன. “சாதகத்திலை அப்பவே சொன்னது, பதின்மூண்டிலை தண்ணியிலை கண்டம் எண்டு. ஆர் என்ன செய்யலாம்?” என்றார் ஒருவர். “தேப்பன் பொடியனைக் குளத்துப் பக்கமே விடேல்லை. அப்பிடிப் பொத்திப் பொத்தி வளத்தும் விதி விடேல்லைப் பாத்தியளே” என்றார் மற்றவர். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். மரண வீட்டிலே தருக்கம் பேசுவது மரபன்று. ஆதலால் நாமும் வாளாவிருந்தோம். அந்த மௌனத்திற்குப் பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவ்விரு கூற்றுக்களையும் அருகருகே வைத்து நோக்குங்கள். சோதிடர் கண்டத்தைக் கண்டார். தந்தை பிள்ளையை நீரினின்றும் விலக்கினார். விலக்கப்பட்ட பிள்ளை நீச்சல் கற்கவில்லை. நீச்சல் கல்லாத பிள்ளை நீரிலே மாண்டான். சோதிடர் வாக்குப் பலித்ததென்று ஊர் வியந்தது. ஒரு பொய் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ள இதனினும் செம்மையான வழி வேறுண்டோ? சாதகம் பலித்தது உண்மை. ஆனால் அதனைப் பலிக்கச் செய்தவை வானத்துக் கோள்களல்ல. குளத்தைச் சுற்றி வாழும் ஒரு சமுதாயம், குளத்தைப் பற்றிய அறிவைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க மறுத்ததே அதனைப் பலிக்கச் செய்தது.

எமது மொழியிலும் இந்த விதிவாதம் ஊறிக் கிடக்கிறது. “குளம் ஆண்டுக்கொரு பலி கேட்கும்” என்கிறோம். “முனி இழுத்துவிட்டது” என்கிறோம். படித்தவர்களாகிய நாம் இவற்றைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் நாம் படிக்கும் பத்திரிகைகள் மட்டும் என்ன எழுதுகின்றன? “பாதுகாப்பற்ற கிணற்றில் தவறி வீழ்ந்து குழந்தை பரிதாபப் பலி.” இந்த ஒரே வரியை எத்தனை முறை வாசித்திருப்போம்! தவறி வீழ்ந்ததாம். தவறியது யார்? நடக்கப் பழகும் ஒன்றரை வயதுக் குழந்தையா? பாதுகாப்பற்ற கிணறாம். தானாகத் தோன்றிய கிணறு உலகில் இல்லை. கிணற்றை வெட்டியவர் ஒருவர் இருக்கிறார். சுவர் கட்டாது விட்டவர் ஒருவர் இருக்கிறார். கட்டுவதற்குப் பணமின்றித் தவித்தவர் ஒருவர் இருக்கிறார். கட்டும்படி பணிக்கவும் உதவவும் கடமைப்பட்ட சபையொன்று இருக்கிறது. இத்தனை பேரையும் வரிக்குள்ளிருந்து அகற்றிவிட்டு, கிணற்றையும் குழந்தையையும் மட்டும் எஞ்சவிடும் மொழி எத்துணைச் சாமர்த்தியமான மொழி! ‘பலி’ என்ற சொல்லோ, குளம் பலி கேட்குமென்ற கிராமத்துக் கிழவரின் சொல்லேதான், அச்சேறியிருக்கிறது, அவ்வளவே.

மரண விசாரணையும் இதே தடத்திலேயே செல்கிறது. நீரில் மூழ்கியதால் மூச்சடைத்து மரணம் என்று எழுதிக் கையொப்பமிட்டு உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்படும். சுவாசப்பையிலே தண்ணீர் எவ்வாறு புகுந்தது என்பதை விசாரணை அறிந்துகொள்கிறது. பிள்ளை தண்ணீருக்குள் எவ்வாறு புகுந்தது என்பதை அறிய அதற்கு விருப்பமில்லை. முதலாவது கேள்விக்கு வைத்தியர் விடை தருவார். இரண்டாவது கேள்விக்கு நாட்டை ஆள்வோர் விடை தரவேண்டியிருக்கும்.

உலகக் கணக்கொன்றைச் சிறிது பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 3,00,000 மக்கள் நீரில் மூழ்கி இறந்தனர். இவர்களுள் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். ஏறத்தாழ அரைப் பங்கினர் இருபத்தொன்பது வயதிற்குக் குறைந்தோர். இந்த மரணங்களுள் பத்தில் ஒன்பது, வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலுமே நிகழ்கின்றன. செல்வ நாடுகளிலும் ஆறுகள் உண்டு; ஏரிகள் உண்டு; கடல் உண்டு; போதாதென்று வீட்டுக்கு வீடு நீச்சற் குளங்களும் உண்டு. ஆயினும் அங்கே மரணம் அருகிவிட்டது. கண்டம் கோள்களின் செயலாயின், அக்கோள்கள் ஏழை நாடுகளின் மீது மட்டும் ஏன் இத்துணைக் கொடும் பார்வை செலுத்துகின்றன என்பதைச் சோதிடர்கள் விளக்கட்டும்! அதே அறிக்கை இன்னொன்றும் கூறுகிறது: 2000ஆம் ஆண்டிற்குப் பின் உலகில் இம்மரண வீதம் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு குறைந்துள்ளது. விதியை நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு குறைக்கலாமென்றால் அது விதியன்று.

எமது தீவிலே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு மாள்கின்றனர். அவர்கள் மாளும் இடங்களை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டத்திலே, தரையோடு தரையாகக் கிடக்கும் கட்டாத கிணறு. மட்டக்களப்பிலே ஆற்று மணலைத் தோண்டி விற்றவர்கள் மூடாது விட்டுச் சென்ற குழி. கல்லும் கிரவலும் அகழ்ந்தெடுத்த பள்ளம். மாரியில் அது நிரம்பியதும் சிறுவருக்கு அது குளம். அதன் அடி எங்கே திடீரெனத் தாழும் என்பதை அகழ்ந்தவனே அறிவான், அவனோ இலாபத்துடன் போய்விட்டான். மலையகத்திலே, பாலமில்லாத ஆற்றைக் கடந்து கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணின் பாதை. கரையிலிருந்து பல மைல் தொலைவில், உயிர்காப்பு அங்கியின்றித் தொழில் செய்யும் கடற்றொழிலாளியின் சிறு படகு. இவற்றுள் எது செல்வனின் இடம்? எது மந்திரியின் பிள்ளை விளையாடும் இடம்? தண்ணீருக்கு வர்க்க பேதம் தெரியாதென்பது உண்மை. ஆனால் தண்ணீரின் அருகே எவரை எந்த நிலையில் நிறுத்துவதென்பதைச் சமுதாயமே தீர்மானிக்கிறது.

ஐயுறுவோர் கிண்ணியாவை நினைத்துப் பார்க்கட்டும். திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில், பாலம் மீளக் கட்டப்படுகின்றதென்று இருந்த வழியும் அடைபட்டது. பாலம் முடியும்வரை மக்கள் களப்பைக் கடப்பதெப்படி? மிதப்புப் பாதையொன்று ஓடிற்று. பள்ளி செல்லும் பிள்ளைகளும், அவர்களை அழைத்துச் செல்லும் தாய்மாரும், வேலைக்குச் செல்வோரும் அதிலேதான் நாளாந்தம் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை அது கவிழ்ந்தது. ஆறு பேர் அன்றே மாண்டனர். அவர்களுட் சிறுவர் பலர். அன்று மக்கள் கொதித்தெழுந்து அரசியல்வாதியின் வீட்டு வாயிலுக்குச் சென்றபோது, அவர்கள் செய்த முறை சரியா பிழையா என்று வாதாடினோர் பலர். ஆனால் அம்மக்கள் ஒன்றை மிகச் சரியாகவே உணர்ந்திருந்தனர். தம் பிள்ளைகளைக் கொன்றது களப்பன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பாலத்தை உடைக்கும்போதே மாற்றுவழியைப் பாதுகாப்பாக அமைக்கும் கடமை எவருடையதோ, அவரைத் தேடியே அவர்கள் சென்றனர். அவர்கள் எவரும் சாதகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர் 26ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, மதரசாவிற் பயின்ற சிறுவர்கள் உழவு இயந்திரப் பெட்டியொன்றிலே வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். வெள்ளம் அதனைப் புரட்டிற்று. பிள்ளைகள் மாண்டனர். வானிலை எச்சரிக்கை இல்லாமலா இருந்தது? ஆண்டுதோறும் அம்மாதத்தில் அவ்வீதிகளை வெள்ளம் மூடுவது எவருக்கும் புதியதா? முழங்காலளவு நீராயினும் ஓடும் நீர் வளர்ந்த மனிதனைச் சாய்த்துவிடும். சிறிது உயர்ந்தால் வாகனத்தையும் மிதக்கச் செய்து தள்ளிவிடும். இது பௌதிகத்தின் எளிய பாடம். வகுப்பறையில் நாம் கரும்பலகையிற் படம் வரைந்து கற்பிக்கும் பாடம். அப்பாடம் வீதிக்கு வராததே எமது கல்வியின் அவலம்.

“எல்லாம் சரி, பெற்றோரின் கவனயீனத்தை மறைக்கலாமோ?” என்று கேட்கும் கண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விடை வங்காளதேசத்திலிருந்து வந்திருக்கிறது. அங்கே கிராமப்புறங்களிற் குழந்தைகள் குட்டைகளிலே மூழ்கி இறப்பதை ஆராய்ந்தவர்கள், மரணங்களிற் பெரும்பாலானவை காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையே, வீட்டிற்கு மிக அருகிலேயே நிகழ்வதைக் கண்டனர். அது எந்த நேரம்? தந்தை வயலில் நிற்கும் நேரம். தாய் தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி, துணி தோய்த்து, மாட்டுக்கு வைக்கோல் போடும் நேரம். அத்தாய் கவனயீனமானவளா? ஒருவருக்குள்ள இரண்டு கைகளையும் இரண்டு கண்களையும் கொண்டு நான்கு பேரின் வேலையைச் செய்பவள் அவள். எனவே அங்கே தாய்மாருக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. அந்த நான்கு மணி நேரத்திற்குக் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பார்க்கும் சிறு பராமரிப்பு நிலையங்களைக் கிராமத்துப் பெண்களைக் கொண்டே நடத்தினர். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிராமத்துக் குட்டைகளிலேயே மூங்கிற் தட்டுக்கட்டி நீச்சல் பழக்கினர். 2012இல் வெளியான ஆய்வின்படி, பராமரிப்பு நிலையத்திற் சேர்ந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் மரணம் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேலும், நீச்சல் பயின்ற பிள்ளைகளிடையே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேலும் குறைந்தது. 2022இல் 8,000 பராமரிப்பு நிலையங்களை அமைக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசாங்கமே ஏற்றது. எம்மைவிட வறிய நாடு என்று நாம் எண்ணியிருந்த நாடு அது. அங்கே மூங்கிலாற் செய்ததை இங்கே எதனாற் செய்ய முடியாது?

யாழ்ப்பாணத்துத் தோட்டத்திலே கூலிக்கு வெங்காயம் நடும் பெண் தன் குழந்தையை வரப்போர மர நிழலில் விட்டுத்தான் குனிகிறாள். குனிந்தவள் நிமிர்வதற்குள் குழந்தை கிணற்றடிக்குத் தவழ்ந்துவிடும். அவளைக் குறைகூறும் கண்ணியவான் தன் பிள்ளையை வீட்டு வேலைக்காரியிடம் விட்டு அலுவலகம் செல்கிறார். அவருக்குக் கவனம் விலைக்குக் கிடைக்கிறது. இவளுக்குக் கிடைக்கவில்லை. பெற்றோரின் கவனயீனம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் இத்துணைப் பெரிய வர்க்க உண்மை மறைந்திருக்கிறது.

இனி, எமது வீட்டிற்குள்ளேயே உள்ள இரு தளைகளைப் பற்றியும் கூறாதுவிடின் நாம் நேர்மையானவர்களாகோம். முதலாவது சாதி. யாழ்ப்பாணத்திற் கிணறு வெறும் நீர்நிலையாக மட்டும் இருந்ததில்லை. சாதியின் எல்லைக்கல்லாகவும் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் அள்ளும் உரிமையின்றி, உயர்த்திக்கொண்ட சாதியார் எவரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரை வெறுங்குடத்துடன் காத்து நின்றது நெடுங்காலத்திற்கு முந்திய கதையன்று. 1968இல் மாவிட்டபுரத்து வாயிலில் நுழைவுரிமை கேட்டுப் போராடிய தலைமுறையினர் பலர் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். நீரைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டவனுக்கு நீந்தும் உரிமை எங்கிருந்து வரும்? மறுபுறத்தே, நீச்சலென்பது கரையோரத்தாரின் வித்தை, தமக்கு அடாதது என்று ஒதுக்கிய மேட்டிமைக் குணமும் இருந்தது. கடலோடு வாழ்ந்து கடலைக் கற்ற மக்களின் அறிவை இழிவென்று தள்ளியவர்கள், அவ்வறிவின்மையாலேயே தம் பிள்ளைகளையும் கிணற்றடியில் இழந்தனர். சாதி தன்னை வணங்கியவரையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது, பெண்ணைப் பற்றிய எமது கோட்பாடு. 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை எழுந்தபோது இத்தீவில் ஏறத்தாழ 35,000 மக்கள் மாண்டனர். நாவலடியிலும் முல்லைத்தீவிலும் கல்முனையிலும் ஊர்கள் துடைத்தெறியப்பட்டன. அழிவின் பின் கணக்கெடுத்தபோது பல இடங்களில் ஆண்களினும் பெண்களே மிகுதியாக மாண்டமை தெரியவந்தது. காரணங்கள் பல: பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட மறுத்த தாய்மை, வீட்டிற்குள்ளே இருந்தமை, காலைச் சுற்றிய சேலை. அவற்றோடு இதுவும் ஒன்று: ஆண்பிள்ளைக்கு நீந்தவும் மரமேறவும் கற்பித்த கரையோரம், பெண்பிள்ளைக்கு அவ்விரண்டையும் விலக்கிவைத்திருந்தது. “பெட்டைப்பிள்ளை தண்ணிக்குள்ளை குதிக்கிறதோ?” என்ற கேள்விக்குள் இருந்த நாணம் அன்று எத்தனை உயிர்களைக் குடித்தது! மானத்தைக் காப்பதாகச் சொல்லி உயிரைக் காக்கும் வித்தையைப் பறித்த ஒழுக்கம் எவ்வகை ஒழுக்கம்? நெதர்லாந்திலே பிள்ளைகள் நீச்சற் சான்றிதழ் பெறும்போது உடுத்த உடையோடும் நீந்திக்காட்ட வேண்டும். ஏனெனில் விபத்து எவரையும் நீச்சலுடை அணிந்துவரும்படி அழைப்பதில்லை. எமது பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே, உடுத்த உடையோடு, பெண் ஆசிரியைகளைக் கொண்டு, ஊரறியக் கற்பிக்கலாம். இதிற் பண்பாடு கெடுவதற்கு என்ன இருக்கிறது?

எமக்கு நீச்சல் மரபு இல்லாமலில்லை. 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார் நவரத்தினசாமி. 1971இல் அதே நீரிணையைப் போகவும் மீளவும் நீந்தி உலகை வியக்கவைத்த குமார் ஆனந்தனை ‘ஆழிக்குமரன்’ என்று நாம் கொண்டாடினோம். 1984இல் ஆங்கிலக் கால்வாயிலே அவர் உயிர் நீத்தபோது நாடே அழுதது. அவர்களைப் போற்றுவதில் எமக்கும் பெருமையுண்டு. ஆனால் வீரர் இருவரைத் தோளிற் சுமந்து ஊர்வலம் வந்த சமுதாயம், தன் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இருபத்தைந்து மீற்றர் நீந்தக் கற்பிக்க எண்ணவில்லையே! நீச்சலை நாம் சாதனையாகக் கண்டோம். எழுத்தறிவைப்போல ஒவ்வொருவருக்கும் உரிய அறிவாகக் காணவில்லை. தலைநகரத்துப் பெரிய பாடசாலைகள் நீச்சற் தடாகம் கட்டிப் பதக்கம் பெறுகின்றன. குளத்தடியிலே கூரை ஒழுகும் பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கு நீரைப் பற்றிக் கிடைப்பது ஒரே பாடம்: “அங்காலை போகாதை!”

எமது அணியைச் சேர்ந்த நண்பர் சிலர் இப்போது முகஞ்சுளிப்பதை நாம் உணர்கிறோம். நிலமும் வேலையும் நீதியும் கேட்டுப் போராட வேண்டிய காலத்தில், குளிக்கப்போன சிறுவனைப் பற்றிக் கட்டுரையா, சமுதாயம் மாறும்போது இவையெல்லாம் தாமே மாறுமே என்பது அவர்கள் வாதம். நண்பர்களே, சமுதாயம் மாறும்வரை வான் பாயாமலிருக்குமா? கிணற்றுச் சுவர் கேட்பதும், பாலம் கேட்பதும், உழைக்கும் தாயின் குழந்தைக்குப் பராமரிப்பு நிலையம் கேட்பதும் போராட்டமல்லவா? பெருங்கோட்பாடுகளைப் பேசும் நாம், மக்கள் தம் பிள்ளையைப் பறிகொடுத்துத் திகைத்து நிற்கும் வேளையில் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமின்றி நின்றால், அந்த இடத்திற்குச் சோதிடர் வந்துவிடுவார். வந்துவிட்டார் என்பதை அந்த மரண வீட்டுப் பந்தலின் கீழ் நாமே கண்டோம்.

மறுகோடியில் நின்று, நீச்சல் கற்பித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்போருக்கும் ஒரு சொல். கடற்றொழிலாளிக்கு நீந்தத் தெரியாதா? படகு கவிழ்ந்தபின் இருட்டிலே பல மணி நேரம் மிதக்க அவனுக்கு அங்கியே வேண்டும். குறிஞ்சாக்கேணிப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது முதலிற் பாலம். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேவை சுவரும் ஒரு சோடிக் கண்களும். நீச்சல் இவற்றுக்குப் பதிலீடன்று; இவற்றோடு சேரவேண்டிய ஒன்று.

ஆசிரியரும் மாணாக்கரும் இன்றே கற்றுப் பரப்பக்கூடிய சில உண்மைகளை இங்கே தருகிறோம். மூழ்குபவர் கையசைத்துக் கூக்குரலிடுவார் என்று திரைப்படங்கள் எமக்குக் கற்பித்துள்ளன. உண்மை வேறு. மூச்சுக்குப் போராடுபவரால் அழைக்க முடியாது. கைகள் நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். தலை பின்சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் மூழ்கி மூழ்கி எழும். ஒரு நிமிடத்திற்குள்ளேயே ஓசையின்றி எல்லாம் முடிந்துவிடலாம். விளையாடிய பிள்ளை திடீரென மௌனமானால் அதுவே அபாயக் குரல். சிறு குழந்தைக்கோ குளம் வேண்டியதில்லை. வாளியின் அடியிற் கிடக்கும் சாணளவு நீரே போதும்.

இரண்டாவது: ஒருவர் மூழ்கும்போது நீந்தத் தெரியாத தோழன் பாய்ந்து, இருவரும் மாள்வதை எத்தனை முறை கேட்டுவிட்டோம்! மூழ்குபவர் அச்சத்தினால் தம்மைக் காக்க வந்தவரையே பற்றி அழுத்துவார். ஆதலால் பாயாதீர்கள். கூவி ஆட்களை அழையுங்கள். கரையிற் படுத்துக்கொண்டு தடியையோ கொப்பையோ நீட்டுங்கள். கயிற்றை, முடிச்சிட்ட சேலையை, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கலனை எறியுங்கள். வீரம் குதிப்பதில் மட்டும் இல்லை. வான்கட்டிலும் கேணியடியிலும் ஒரு கயிறும் ஒரு கலனும் எப்போதும் தொங்கினால் எத்தனையோ வீரர்கள் உயிரோடிருப்பர்.

மூன்றாவது: கடலிலே, கரைக்கு வந்த அலைநீர் ஒடுங்கிய ஓட்டமாகத் திரும்பிச் செல்லும் இடங்கள் உண்டு. அங்கே அலை குறைந்து அமைதிபோலத் தோன்றும்; அந்த அமைதியை நம்பியே சுற்றுலா சென்ற மாணவர்கள் இறங்குகின்றனர். அகப்பட்டவர் அவ்வோட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினாற் களைத்து மூழ்குவார். பதறாது மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகியபின் கரை சேரவேண்டும்.

நான்காவது, மீட்டபின் செய்யவேண்டியது. தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதையும் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதையும் கைவிடுங்கள். அவை பயனற்றவை, தீங்கானவை, விலைமதிப்பற்ற நிமிடங்களைத் தின்பவை. உணர்வும் மூச்சும் இல்லையாயின் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து ஐந்து முறை மூச்சை ஊதுங்கள். பின்னர் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 மூச்சு ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். வளர்ந்தவருக்கு அழுத்தம் ஐந்து, ஆறு சதமமீற்றர் ஆழம் இறங்கவேண்டும். குழந்தைக்கு நெஞ்சின் மூன்றிலொரு பங்கு. ஒருவர் இதைச் செய்கையில் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து இலவச அம்புலன்சை வருவிக்கட்டும். இதனைப் படித்தறிந்தாற் போதாது, பழகவேண்டும். பழக்குவோரைப் பாடசாலைக்கு அழைப்பது கடினமான காரியமன்று.

அறிவு எமது பங்கு. ஆட்சியின் பங்கை ஆட்சியிடமே கேட்போம். குடியிருப்பை அண்டிய ஒவ்வொரு கிணற்றுக்கும் இடுப்பளவு சுவர் எழவேண்டும். வசதியற்றோருக்குப் பிரதேச சபை உதவவேண்டும். மணலும் கல்லும் அகழ்ந்தவன் குழியை மூடாமல் ஊரைவிட்டுச் செல்ல விடலாகாது. பாதைகளிலும் படகுகளிலும் ஏற்றத்தக்க ஆட்தொகை எழுதப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அங்கி இருக்கவேண்டும். கிராமத்திலும் தோட்டத்திலும் உழைக்கும் தாய்மாரின் வேலைநேரத்திற்குப் பொருந்திய பராமரிப்பு நிலையங்கள் வேண்டும். வெள்ள எச்சரிக்கை நாளிற் பிள்ளைகளை வீதிக்கு அனுப்புவோர் பொறுப்புக் கூறவேண்டும். ஆறு வயதிற்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் இருபத்தைந்து மீற்றர் நீந்தவும் அரை நிமிடம் மிதக்கவும், பாயாமல் மீட்கவும் பாடசாலையிலேயே கற்கவேண்டும். இதற்குப் பளிங்குத் தடாகம் வேண்டியதில்லை. ஆழம் அளந்து, கயிறு கட்டி எல்லையிட்ட குளக்கரை போதும், கேணி போதும். கற்பிக்கக் கடலோரத்து இளைஞரும் யுவதியரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியமும் மதிப்பும் கொடுத்து ஆசிரியராக அழையுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் தீர்மானம் நிறைவேற்றி ஜூலை 25ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அந்நாளிற் பதாகை பிடித்துப் படமெடுப்பதோடு நில்லாது, ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் ஊரின் கட்டாத கிணறுகளையும் மூடாத குழிகளையும் எண்ணி எழுதிச் சபைக்கு அனுப்பட்டும். புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் நாம், அப்பிள்ளைகள் பரீட்சை எழுதும்வரை உயிரோடிருப்பதற்கும் சில மணி நேரம் ஒதுக்கலாகாதா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சென்றோம். நீராற் பறிபோன பிள்ளைக்கு நீர்க்கரையிலேயே கிரியை நடந்தது. முடிந்தபின் தந்தை எம்மருகே வந்து நின்றார். இளையவன், ஒன்பது வயதினன், அவர் கையைப் பற்றியிருந்தான். “மாஸ்ரர், இவன்ரை சாதகத்தையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுகினம்” என்றார். இம்முறை நாம் வாளாவிருக்கவில்லை. சாதகத்தைப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிட்டு, வெயில் வந்து குளம் வற்றி இறங்கியதும் பிள்ளையை அழைத்துவரும்படி கூறினோம். கரையூரிலிருந்து நீந்தத் தெரிந்த இளைஞர் இருவரை வருவிக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். தந்தை சிறிது நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், “இவன்ரை தங்கச்சியையும் கூட்டியரட்டோ?” என்று கேட்டார்.

அழைத்து வாருங்கள் என்றோம். மாரி மீண்டும் வரும். குளம் மீண்டும் நிரம்பும். வான் பாய்வதற்கு இன்னும் பத்து மாதங்களே இருக்கின்றன.